எல்லா ஜனத்துக்கும் போதுமான அன்பு
டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை



நம்ம தர்மபுரி ஜில்லாவில் ஒருத்தருக்கு வியாதி முத்திப் போச்சுன்னா, அது எந்த ஜாதி வீடாக இருந்தாலும் எந்த மதத்து வீடாக இருந்தாலும், பெரியவங்க கடைசியில் சொல்லுவது வேலூருக்குக் கொண்டு போகணும் என்பதுதான். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக பஸ்ஸில் நம்ம விசுவாசிகளைக் கூட்டிக்கொண்டு நானும் பல தடவை சி.எம்.சி.க்குப் போயிருக்கிறேன். அங்கே டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால், விபூதி பூசின பெரியவரும், தொப்பி போட்ட பாயும், பைபிள் பையோடு நம்ம சகோதரியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாங்க. இதைத் தொடங்கி வைத்த அம்மையாரைப் பற்றி இந்த மாதம் உங்களுக்கு எழுத ஆவியானவர் என்னை ஏவினார்.

ஐடா ஸ்கடர் 1870-ம் வருஷம் டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-ல் அமெரிக்காவை விட்டுக் கப்பலேறி இலங்கைக்கும், பிறகு சென்னைக்கும் ஊழியத்துக்கு வந்தவர். அப்பாவும் டாக்டர், மிஷனெரி. ஐடா சின்னப் பிள்ளையாக இருந்தபோதுதான் 1876 முதல் 1878 வரை அந்தக் கொடிய தாது வருஷப் பஞ்சம் வந்தது. பசியால் எலும்பும் தோலுமாக நின்ற பிள்ளைகளை அந்தச் சின்னக் கண்கள் பார்த்தன. அந்தக் காட்சி அவருக்குத் தாங்கவில்லை. பிறகு படிக்க அமெரிக்கா போனவர், இந்தியாவுக்குத் திரும்பி வரவே கூடாது, மிஷனெரியாக மட்டும் ஆகவே கூடாது என்று மனதில் முடிவு பண்ணிக்கொண்டார்.

ஆனால் கர்த்தருடைய திட்டம் வேறே. 1890-ல் அம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்ததால், கொஞ்ச காலம் கூட இருந்து பார்த்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்தார். அங்கேதான், பிரியமானவர்களே, அந்த இராத்திரி வந்தது.

முதலில் ஒரு பிராமண வாலிபர் வந்தார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், உடனே வரவேண்டும் என்றார். ஐடா தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவர் வருவார் என்று சொன்னார். அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்க்க எங்கள் வழக்கத்தில் இடமில்லை என்று அவர் திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் சகோதரர், அதே காரியமாக. பிறகு இன்னொரு இந்துக் குடும்பத்தவர், அவரும் அதே காரியமாக. மூணு பேரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்றே போனார்கள். ஐடாவுக்கு அந்த இராத்திரி தூக்கம் வரவில்லை. பொழுது விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தால், மூணு பெண்களும் இறந்து போயிருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்க. நம்ம யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? டாக்டர் வருகிறேன்னு சொல்லியும் வேண்டாம்னு போனாங்களே, அவங்க மூட வழக்கம் அவங்களைக் கொன்னுது, நாம என்ன பண்ண முடியும் என்று சொல்லிவிட்டுப் படுத்திருப்போம். அதில் கொஞ்சம் நியாயமும் இருப்பது போலத் தெரியும். ஆனால் ஐடா அந்த மூணு புருஷர்களையும் குற்றப்படுத்தவில்லை. அவங்க மாறட்டும், பிறகு உதவி செய்வோம் என்று காத்திருக்கவும் இல்லை. அவங்க வாசல் ஆணுக்குத் திறக்காது என்றால், அந்த வாசலுக்குள் போகக்கூடிய பெண் டாக்டராக நானே ஆகிறேன் என்று தன்னை மாற்றிக்கொண்டார். நம்ம ஆண்டவர் செய்ததும் இதைத்தானே! மனுஷன் பரலோகத்துக்கு ஏறி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நம்மைப் போல மாம்சமாகி நம்ம வாசலுக்கு அவரே இறங்கி வந்தார். தேவ அன்பு என்பது இதுதான்.

ஐடா அமெரிக்கா திரும்பிப் போய் மருத்துவம் படித்தார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமான காலம் அது. 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். நியூயார்க்கில் ஷெல் என்ற ஒரு வங்கியாளர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ம் வருஷத் தொடக்கத்தில் இந்தியா வந்து சேர்ந்தார். சில மாதத்திலேயே அப்பா இறந்துபோனார். பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ஆனாலும் வேலூரில் ஒரு சின்ன அறையில், ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார். இரண்டு வருஷத்துக்குள் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார். 1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது.

வர முடியாதவர்களைத் தேடி அவரே கிராமங்களுக்குப் போனார். குடியாத்தம் போகிற சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி ஜனங்களுக்கு மருந்து கொடுப்பார். ஊரார் கிட்டே சேர்க்காத குஷ்டரோகிகளும் அங்கே வந்தார்கள். யாரையும் ஜாதி கேட்டு நிறுத்தவில்லை.

தான் ஒருத்தி போதாது என்றும் அவருக்குத் தெரிந்தது. 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் யார் வருவாங்க என்று பலரும் சந்தேகப்பட்டபோது முதல் வருஷமே 151 விண்ணப்பங்கள் வந்தன. 1942-ல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. பிற்பாடு ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே முழு ஆயுளையும் இந்த ஜனத்துக்குக் கொடுத்த அம்மையார், 1960 மே மாதத்தில் கொடைக்கானலில் 89-வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவர் நம்ம பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர் அல்ல. இதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். தேவனுடைய அன்பு நம்ம சபைப் பெயர்ப் பலகைக்குள் அடங்குவதில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லுகிற யோவான் 3:16-ஐ எடுத்துப் பாருங்க. தேவன் அன்புகூர்ந்தது உலகத்தின் மேல். நம்ம தெருவின் மேல் மட்டும் என்றோ, நம்ம ஜாதி ஜனத்தின் மேல் மட்டும் என்றோ அங்கே இல்லை.

சகோதரரே, சகோதரியே, நம்ம ஜில்லாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்த பெண் குழந்தையைக் கொன்றுபோடுகிற பாவம் நம்ம மண்ணில் நடந்தது. 1992-ல் அரசாங்கம் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்து, 2001-ல் தர்மபுரிக்கும் அதைக் கொடுக்க வேண்டி வந்ததென்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்! திண்டிவனத்தில் அந்த மூணு பெண்களின் உயிரைவிட வழக்கம் பெரிதாக இருந்தது. இங்கே பெண் பிள்ளையின் உயிரைவிட வரதட்சணைப் பயம் பெரிதாக இருந்தது. தேவன் அந்த மூணு பெண்களையும் நேசித்தார், தொட்டிலில் விடப்பட்ட பெண் பிள்ளைகளையும் நேசிக்கிறார். நம்ம வீட்டில் மூணாவதும் பெண் பிறந்தால் முகம் வாடுகிறதா, ஸ்தோத்திரம் சொல்லுகிறோமா?

இன்னொன்று. பெரியாஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போகிறோம். நம்ம விசுவாசி படுத்திருக்கிற கட்டிலண்டை போய் ஜெபம் பண்ணி, பழம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஏழைத் தாய், பார்க்க ஒருத்தரும் வராமல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் நெற்றியில் குங்குமம் இருக்கலாம். ஊரில் நாம தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிற தெருவிலிருந்து அவள் வந்திருக்கலாம். அவளுக்காகவும் கல்வாரியில் இரத்தம் சிந்தப்பட்டது. அடுத்த தடவை போகும்போது பையில் இரண்டு பழம் கூடுதலாக வையுங்க. அவள் பெயரைக் கேளுங்க, வீட்டில் யார் இருக்கிறாங்கன்னு கேளுங்க. அவளுக்குச் சம்மதம் என்றால் ஜெபியுங்க. சம்மதம் இல்லை என்றாலும் பழத்தைக் கொடுத்துவிட்டு வாங்க.

கர்த்தர்தாமே இப்படிப்பட்ட அன்பை நம் ஒவ்வொருவருடைய இருதயத்திலும் ஊற்றுவாராக. ஆமென். அல்லேலூயா!