லூயிசா மே ஆல்காட்

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஜெர்மன்டவுனில் 1832 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29 ஆம் நாள் லூயிசா மே ஆல்காட் பிறந்தார். அவர் தந்தையார் பிரான்சன் ஆல்காட் புதுமைக் கல்விமுறையில் ஈடுபட்ட அறிஞர். ஆயினும், பொருளீட்டும் வழி அறியாதவர். பெண்மக்கள் நால்வருள் இரண்டாமவரான லூயிசா, குடும்பச் சுமையை இளமையிலேயே தாங்கலானார். தையல் வேலை செய்தார். சிறுவர்க்குப் பாடம் புகட்டினார். பிறர் இல்லத்தில் பணிப்பெண்ணாகவும் உழைத்தார். ஓய்வு வாய்த்தபோதெல்லாம் கதைகள் எழுதி இதழ்களுக்கு விடுத்தார்.

வளர்ந்தோர் போற்றும் நாவலாசிரியராக விளங்க வேண்டும் என்பதே அவர்தம் வேட்கை. உள்நாட்டுப் போரின்போது, 1862 ஆம் ஆண்டின் இறுதியில், செவிலியாகத் தொண்டாற்றச் சென்று டைபாய்டுச் சுரத்துடன் இல்லம் திரும்பினார். அப்பட்டறிவைக் கூறும் நூல் 1863 இல் வெளிவந்து பாராட்டுப் பெற்றது. ஆனால், பல்லாண்டு உழைத்து எழுதிய 'மூட்ஸ்' என்னும் நாவல் அவர் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. வேறு பெயரில் மறைந்து நின்று எழுதிய பரபரப்புக் கதைகளே வீட்டுச் செலவுக்கு உதவின.

1867 இல் பாஸ்டன் நகரப் பதிப்பாளர் தாமஸ் நைல்ஸ், சிறுமியர்க்கென ஒரு நூல் எழுதுமாறு வேண்டினார். லூயிசாவுக்கு அதில் மனம் செல்லவில்லை. தம் உடன்பிறந்தாரையன்றிப் பிற சிறுமியரை அவர் மிகுதியாக அறியார். ஆயினும், குடும்பத்தின் தேவையை எண்ணி 1868 மே திங்களில் எழுதத் தொடங்கினார். அறியாததைப் புனைய முயலாமல், தாமும் தம் சகோதரியரும் வறுமையிலும் அன்பு குன்றாது வாழ்ந்த வாழ்வையே கதையாக்கினார். முதல் அதிகாரங்கள் பதிப்பாளருக்குச் சுவையற்றனவாகத் தோன்றின. எழுதியவருக்கும் அவ்வாறே தோன்றின. ஆனால், பதிப்பாளரின் உறவினரான சிறுமி ஒருத்தி அவற்றைப் படித்துப் பெரிதும் மகிழ்ந்தாள். நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களே அதற்கு நடுவராயினர்.

'சிறு மகளிர்' எனப் பொருள்படும் 'லிட்டில் விமன்' அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் வெளிவந்தது. முதற்பதிப்பின் 2,000 படிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. நூலுரிமையை அவர் தம்மிடமே வைத்திருந்தமையால், நூல் ஈட்டிய பொருள் குடும்பக் கடனைத் தீர்த்தது.

அதன்பின் இளையோர்க்கான நூல்களையே உலகம் அவரிடம் வேண்டியது. சலிப்புற்ற வேளையிலும் அவர் எழுதினார். எனினும், பழைய வேட்கை அழியவில்லை. 1877 இல் பெரியோர்க்கான நாவல் ஒன்றைத் தம் பெயரின்றி வெளியிட்டார். 1882 இல் 'மூட்ஸ்' நாவலைத் திருத்தி மீண்டும் அச்சேற்றினார். 1888 மார்ச்சுத் திங்கள் 6 ஆம் நாள், தந்தையார் மறைந்த இரண்டாம் நாளில், அவரும் மறைந்தார்.

அவர் விரும்பி எழுதிய நாவல்களை இன்று படிப்போர் சிலரே. மனமின்றித் தொடங்கிய நூலையோ இளையோரும் முதியோரும் ஒருங்கே படித்து இன்புறுகின்றனர். இளையோர்க்கு எழுதுதல் எளிய பணியும் அன்று. தாழ்ந்த பணியும் அன்று. வாழ்ந்து அறிந்த உண்மையை எழுதும் நூல் எல்லா வயதினர்க்கும் உரியதாகும்.