மரச்சட்டக் காரும் ஸ்மேர்னா அகதியும்

பழைய கார்க் கண்காட்சிகளில், பின்பாதியில் மரச்சட்டம் வெளியே தெரியும் சின்னக் கார் ஒன்றை நம்மில் சிலராவது பார்த்திருப்போம். அதுதான் மொறிஸ் மைனர் ட்ரவலர். பிரித்தானியர் தங்கள் நாட்டின் அடையாளமாகக் கொண்டாடும் மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் ஓர் அகதி என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

அலெக் இசிகோனிஸ் 1906இல் ஸ்மேர்னா துறைமுக நகரில் பிறந்தார். இன்று அது துருக்கியின் இஸ்மிர். தந்தை பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர். தாய் ஜேர்மன் வழிவந்தவர். குடும்பத்துக்குச் சொந்தமாக இயந்திரத் தொழிற்சாலை இருந்தது. 1922 செப்டெம்பரில் துருக்கியப் படைகள் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி மோல்டா போனார்கள். தந்தை அங்கேயே காலமானார்.

1942இல் ரங்கூனிலிருந்தும் அதை அடுத்த இன்சீனிலிருந்தும் நடந்தே இந்தியா போன தமிழருக்கும், பின்னாளில் மன்னாரில் படகேறிய எம்மவருக்கும் இந்தக் கதை புதிதல்ல.

1923இல் தாயும் மகனும் லண்டன் சேர்ந்தார்கள். பற்றர்சி பொலிடெக்னிக்கில் பொறியியல் படித்த மகன் கணிதப் பரீட்சையில் மூன்று முறை சித்தியடையவில்லை. ஆனால் வரைபடம் கைவந்த கலை. அதுவே 1936இல் அவரை மொறிஸ் நிறுவனத்துக்குள் கொண்டுபோனது.

மைனர் 1948இல் வெளிவந்தது. உற்பத்திக்குச் சற்று முன்னர், அகலம் போதாது என்று மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, 4 அங்குலம் கூட்ட வைத்தார். 10 இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் அதுதான்.

அவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருந்த காலத்தில், 1953இல், அதே மைனரை வைத்து ட்ரவலர் செய்தார்கள். அதன் மரம் அலங்காரத்துக்கு அல்ல. பின்பாதியைத் தாங்குவதே அந்த ஆஷ் மரச்சட்டம்தான். அது உக்கினால் கார் வீதிக்கு வர முடியாது.

திரும்பி வந்தவர் 1959இல் மினியைத் தந்தார். 10 அடி நீளக் காரில் நான்கு பேருக்கு இடம். 1969இல் சேர் பட்டம் கிடைத்தது. திருமணம் செய்யாமல், தாயை இறுதிவரை தன்னோடு வைத்திருந்தவர், 1988இல் மறைந்தார்.

அப்போது அவருடைய மைனர் நம் ஊரிலும் ஓடிக்கொண்டிருந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் யாழ்ப்பாண வீதிகளில் ஓடியவை மொறிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய கார்கள்தான். நோயாளிகளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவையும் அவைதான்.

ஓர் அகதிக் குடும்பம் வந்திறங்கும்போது அந்த நாடு அதைச் செலவுப் பக்கத்தில்தான் எழுதுகிறது. வரவு தெரியக் காலம் பிடிக்கும். இசிகோனிஸ் விடயத்தில் 1923 முதல் 1948 வரை, 25 ஆண்டுகள் பிடித்தது. கணிதத்தில் சறுக்கிய பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இந்த 25 ஆண்டுகளையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்வோம்.