படிகத்தின் திசை கண்ட கே. எஸ். கிருஷ்ணன்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் வத்திராயிருப்பு. அவ்வூரில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். தமிழ், வடமொழி இலக்கியங்களில் தோய்ந்த அவரைப் பொருள்களின் உள்ளமைப்பை அறியும் வேட்கை கல்கத்தாவுக்கு இட்டுச் சென்றது.

அங்கே சர் சி. வி. இராமனுடன் ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்டார். 1928இல் வெளிப்பட்ட இராமன் விளைவில் கிருஷ்ணனின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. கிருஷ்ணனோ 1928இன் இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, தமக்கென ஒரு புதிய துறையைத் தேர்ந்துகொண்டிருந்தார். அதுவே படிகங்களின் காந்தப்பண்பு.

ஒரு படிகம் எல்லாத் திசைகளிலும் ஒரே வகையில் காந்தத்துக்கு இணங்குவதில்லை. இவ்வேறுபாட்டை அளக்க, சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்சு இழையில் கட்டிக் காந்த முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்கினால், ஒரு கட்டம்வரை படிகம் காந்தத்தின் பிடியில் நிற்கும். பின்னர்ச் சட்டெனச் சுழன்றுவிடும். அந்தக் கோணத்தைக் கொண்டு காந்தப்பண்பின் திசை வேறுபாட்டைக் கணக்கிட்டார். கருவி எளியது, அளவீடோ நுட்பமானது.

1933இல் கல்கத்தாவுக்குத் திரும்பிய அவர், பென்சிலில் பயன்படும் கிராபைட்டையும் ஆராய்ந்தார். பனச்சமூட்டுச் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பதை மாணவர்கள் கண்டிருப்பர். கிராபைட்டில் கரி அணுக்களும் அவ்வாறே அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அடுக்கின் வழியே மின்சாரம் எளிதில் பாயும்; அடுக்குவிட்டு அடுக்குத் தாவுவது மிகக் கடினம். இவ்விரு கடத்துதிறன்களுக்கும் இடையே பெரும் வேறுபாடு உள்ளதை 1939இல் கிருஷ்ணனும் அவருடன் ஆய்ந்த கங்குலியும் வெளியிட்டனர்.

1940இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1947இல் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அவர் காலத்தில் அங்குத் தாழ்வெப்பநிலை ஆய்வும் வேரூன்றியது. பட்நாகர் பரிசை முதன்முதலில் பெற்றவரும் அவரே. 1961இல் அவர் மறைந்தார்.

அவர் ஆராய்ந்த காந்தப்பண்பு, மின்கடத்தல், அடுக்கமைப்பு ஆகிய மூன்றும் பின்னாளில் ஒரே புதிரில் வந்து கூடின. சில பொருள்கள் மிகக் குளிர்ந்த நிலையில் மின்தடையை முற்றிலும் இழந்து மீக்கடத்திகளாகின்றன. 1911இல் பாதரசத்தில் இதனைக் கண்டபோது, ஏறத்தாழ 4 கெல்வின், அதாவது சுழியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியசு வரை குளிர்விக்க வேண்டியிருந்தது. அணுக்கோப்பின் அதிர்வால் எலக்ட்ரான்கள் இணை சேர்வதே காரணம் என 1957இல் மூன்று அமெரிக்க அறிஞர்கள் விளக்கினர். 1986, 1987ஆம் ஆண்டுகளில் தாமிர ஆக்சைடு அடுக்குகளைக் கொண்ட பொருள்கள் உயர்வெப்பநிலை மீக்கடத்திகளாக வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்கு 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனின் குளிர்ச்சியே போதுமானதாயிற்று. பழைய விளக்கம் இவற்றுக்குப் போதவில்லை. தாமிர எலக்ட்ரான்களின் காந்த உறவே அவற்றை இணைக்கிறது என்னும் கருத்தை 1987இல் ஆண்டர்சனும், அவருடன் ஆய்ந்த தமிழறிஞர் கணபதி பாஸ்கரனும் வளர்த்தனர். எல்லாரும் ஏற்ற முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

இப்புதிரைக் கிருஷ்ணன் காணவில்லை. எனினும், ஒரு பொருளை ஒரு திசையில் மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது என்பதைத் தம் அளவீடுகளால் நிறுவினார். உயர்வெப்பநிலை மீக்கடத்திகளை ஆராய்வோர் இன்றும் அடுக்கின் வழியே ஒருமுறையும் அடுக்கின் குறுக்கே ஒருமுறையும் அளந்து பார்க்கின்றனர்.

வினாக்கள்

1. படிகத்தின் காந்தப்பண்பைக் கிருஷ்ணன் எவ்வாறு அளந்தார்?
2. கிராபைட்டில் மின்சாரம் எத்திசையில் எளிதில் பாய்கிறது? ஏன்?
3. 1957இல் தரப்பட்ட விளக்கத்துக்கும் 1987இல் கூறப்பட்ட கருத்துக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.