வம்சாவளி எழுதிய பெண்டஹாரா
துன் ஸ்ரீ லானாங் சரித்திரம்

நம் மூதாதையர் யார், எந்தக் கரையிலிருந்து வந்தார்கள் என்று கேட்டால், நம்மவர்களில் பலர் பாட்டனார் பெயரோடு நின்றுவிடுவார்கள். மிஞ்சினால் பாட்டனாரின் வாப்பா கப்பலேறிய ஆண்டைச் சொல்வார்கள். அதற்கு மேல் கேட்டால் நேரே ஓர் அரசரிடமோ அவுலியாவிடமோ தாவிவிடுவதும் உண்டு. நடுவில் உள்ள பத்துத் தலைமுறை என்னவாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. இந்நாட்டில், தம் பாட்டன் பூட்டன் பெயர்களை வரிசை பிசகாமல் எழுதி, அந்த வரிசையின் தலைப்பில் நம் கரையிலிருந்து வந்த ஒருவரை வெட்கமின்றி நிறுத்திய ஒரு பெரிய மனிதர் இருந்தார். ஜோகூர் அரசின் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சராக இருந்த துன் ஸ்ரீ லானாங் அவர்களே அவர்.

அன்னாரின் இயற்பெயர் துன் முஹம்மது. துன் ஸ்ரீ லானாங் என்பது வீட்டார் செல்லமாக அழைத்த பெயர். பாதுகா ராஜா என்பது பட்டம். ஜோகூர் அரசின் தலைநகர் அப்போது ஜோகூர் ஆற்றங்கரையில் பத்து சாவார் என்னும் ஊரில் இருந்தது. மலாக்கா 1511-ல் போர்த்துக்கீசியர் கையில் வீழ்ந்தபின், அந்த அரச வம்சம் ஊர் ஊராக மாறி அங்கே வந்து தங்கியிருந்தது. கோட்டை போயிற்று, துறைமுகம் போயிற்று, மிஞ்சியது பாரம்பரியம் ஒன்றே. அதுவும் பழைய பெரியவர்களின் நினைவில்தான் இருந்தது. அந்த நினைவும் அழிந்துபோகுமுன் எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் அரண்மனையில் எழுந்தது.

ஹிஜ்ரி 1021 ரபீயுல் அவ்வல் பிறை 12, ஞாயிற்றுக்கிழமை, அதாவது 1612 மே 13-ம் தேதி, சுல்தானின் இளவல் ராஜா அப்துல்லாவின் கட்டளை பெண்டஹாராவிடம் வந்து சேர்ந்தது. மலாய் மன்னர்களின் வரலாற்றையும் வழக்கங்களையும், பின்வரும் சந்ததியார் அறிந்துகொள்ளும்படி எழுத வேண்டும் என்பது கட்டளை. அப்படி எழுந்த நூலின் பெயர் சுலாலத்துஸ் ஸலாத்தீன். சுல்தான்களின் வம்சாவளி என்று பொருள். செஜாரா மெலாயு என்று இந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பது இதைத்தான்.

இதில் எவ்வளவு அவர் கையெழுத்து, எவ்வளவு அவருக்கு முன்பே இருந்த ஏடு என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. ராஃபிள்ஸ் துரை சேகரித்து இன்று லண்டனில் இருக்கும் 18-ம் எண் கையேடு மிகப் பழைய வடிவம் என்கிறார்கள். ஆயினும் குஜராத்திலுள்ள ராந்தேர் நகரிலிருந்து ஆச்சே வந்த நூருத்தீன் அர்ரானீரி அவர்கள், 1638-ல் எழுதத் தொடங்கிய தம் நூலில், இதைச் செய்தவர் பெண்டஹாரா பாதுகா ராஜாவே என்று குறிப்பிட்டிருக்கிறார். அண்டையில் வாழ்ந்தவர் சொன்ன சாட்சியைச் சுலபமாகத் தள்ள முடியாது.

நூல் இஸ்கந்தர் துல்கர்னைனில் தொடங்குகிறது. அவர் ரூம் தேசத்திலிருந்து ஹிந்து தேசம் வந்து, கீதா ஹிந்தி என்ற அரசனை வென்று, அவன் மகளை மணக்கிறார். நிக்காஹ் செய்துவைப்பவர் கிள்று நபி. திருக்குர்ஆன் கூறும் துல்கர்னைனும் கிரேக்கத்து அலெக்சாந்தரும் ஒருவர்தாமா என்பதில் தப்ஸீர் எழுதியவர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. மலாய் ஏட்டுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. அந்த வழியில் பிறந்தவராக ராஜா சூலான் என்பவரும், அவர் பேரர் ராஜா சூரான் என்பவரும் வருகிறார்கள். சூலான் என்ற பெயரில் சோழன் ஒளிந்திருப்பதை நம் காது உடனே கண்டுகொள்ளும். 1025-ல் இராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கியது தஞ்சைக் கல்வெட்டில் உள்ள செய்தி. அந்த அடியின் நினைவு அறுநூறு ஆண்டுகள் மக்கள் வாயில் உருண்டு, ராஜா சூரான் கதையாக மாறியிருக்கிறது என்பது அறிஞர் பலர் முடிவு. பேராக் அரச குடும்பத்தில் சூலான் என்ற பெயர் பின்னாட்களிலும் வழங்கிவந்தது.

ராஜா சூரான் சீனத்தின் மேல் படையெடுத்துத் தெமாசிக் வரை வந்துவிடுகிறார். சீனர்கள் பல் விழுந்த கிழவர்களையும், துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த மரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். நாங்கள் புறப்படும்போது சிறுவர்கள், இந்த ஊசிகள் கை பருமன் இரும்புக் கம்பிகள், மரங்கள் வெறும் விதைகள் என்று கிழவர்கள் சொல்ல, அவ்வளவு தூரமா என்று ராஜா படையைத் திருப்பிவிடுகிறார். பிறகு கண்ணாடிப் பெட்டியில் கடலுக்கடியில் இறங்கி, அங்கே ஓர் அரசகுமாரியை மணக்கிறார். அந்த வழிவந்த இளவரசர்கள் பலேம்பாங்கில் புக்கிட் சிகுந்தாங் என்ற குன்றின்மேல் தோன்றுகிறார்கள். அவர்களில் ஒருவரே சிங்கப்பூரை நிறுவிய ஸ்ரீ திரி புவானா. அவருக்கும் குடிமக்களின் தலைவர் டெமாங் லேபார் டாவுனுக்கும் அங்கே ஓர் உடன்படிக்கை ஆகிறது. குடிகள் எவ்வளவு குற்றம் செய்தாலும் அரசன் அவர்களை இழிவுபடுத்தலாகாது. அரசன் எவ்வளவு கொடியவனானாலும் குடிகள் துரோகம் செய்யலாகாது. இதை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அரசர்களின் வம்சாவளிக்கு இவ்வளவு கடலும் கண்ணாடியும் தேவைப்பட்டது. தம் வம்சாவளியைச் சொல்லும் இடத்தில் பெண்டஹாரா எண்ணி எழுதுகிறார். அச்சான நூலின் முகவுரைப்படி, தகப்பனார், பாட்டனார், பூட்டனார் என்று ஒவ்வொரு பட்டமாக ஏறி, அதற்கும் மேலே பெண்டஹாரா ஸ்ரீ மஹாராஜா, அவர் தந்தை ஸ்ரீ நர டிராஜா துன் அலி, அவர் தந்தை மணி புரிந்தான் என்று முடிகிறது. உடனேயே, தாம் இனத்தால் மலாய்க்காரர், புக்கிட் சிகுந்தாங் வழியினர் என்றும் எழுதுகிறார். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்வதில் அவருக்குத் தடுமாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை.

மணி புரிந்தான் யார்? கிளிங் தேசத்தில் பஹிலி என்ற ஊரின் முஸ்லிம் அரசருடைய மூத்த மகன் என்கிறது ஏடு. கிளிங் என்ற சொல்லில் அக்காலத்தில் இழிவு ஏதும் இல்லை. நம் கரைக்கு அதுவே பெயர். தந்தை மௌத்தானபின் இளையவர் அரசரானார். சொத்தைப் பாகம் பிரித்தார்கள். கடைசியில் ஒரு பொன் பல்லாங்குழிப் பலகை மிஞ்சியது. அது பெண்கள் ஆடுவது, தங்கைக்கே கொடுத்துவிடுவோம் என்றார் மூத்தவர். இளையவர் சம்மதிக்கவில்லை. விலை மதிப்போம், வேண்டுமானால் தங்கை நமக்குப் பொன் கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். இந்த அற்பக் காரியத்தில்கூடத் தம் பேச்சு எடுபடவில்லையே என்று மனம் நொந்து மூத்தவர் கப்பலேறினார். பாகப்பிரிவினையில் மனம் முறிந்து கப்பலேறிய கதை நம் குடும்பங்களில் எத்தனை!

வழியில் கப்பல் உடைந்தது. அலு அலு என்ற மீனின் முதுகில் ஏறிக் கரை சேர்ந்து, கந்தசூலிச் செடியைப் பற்றிக்கொண்டு அவர் உயிர் தப்பினாராம். அதனால் தம் சந்ததியார் அந்த மீனை உண்ணக்கூடாது, அந்தப் பூவைச் சூடக்கூடாது என்று விலக்கினார். பின்பு பாசேயில் சம்பந்தம் செய்து, ஊர் திரும்பி, மறுபடி புறப்பட்டு மலாக்கா வந்தார். அங்கே ஸ்ரீ நர டிராஜாவின் மகள் துன் ரானா சுந்தரியை மணந்தார். மகன் துன் அலி. மகள் துன் வாத்தி. துன் வாத்தி சுல்தான் முஹம்மது ஷாவை மணந்து பெற்ற பிள்ளை ராஜா காசிம். அவரே பின்பு சுல்தான் முஸப்பர் ஷா என்ற பெயரில் மலாக்காவை ஆண்டார். துன் அலியின் மகள் துன் செனாஜா, சுல்தான் மஹ்மூதின் தாய். துன் அலியின் மகன் துன் முதாஹிரே பெண்டஹாரா ஸ்ரீ மஹாராஜா. ஆக, சுல்தான் மஹ்மூதுக்கு அவர் தாய் மாமன்.

துன் முதாஹிர் காலத்தில் மலாக்கா துறைமுகம் செழித்திருந்தது. அவர் தம் முன்னோர் என்பதற்காக துன் ஸ்ரீ லானாங் ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. ஆள் உயரக் கண்ணாடி முன் நின்று ஒரு நாளில் பலமுறை உடை மாற்றுவார், அழகில் மயங்குவார், அன்பளிப்பு என்று வந்த பொன்னை வேண்டாம் என்று சொல்லமாட்டார் என்றெல்லாம் எழுதுகிறார். அதற்குப் பின் வருவது வியாபாரிகளாகிய நாம் கவனித்துப் படிக்கவேண்டிய பகுதி.

துறைமுக அதிகாரியான ஷாபந்தர் ராஜா முதலியாருக்கும், வணிகர் தலைவர் நைனா சூரா தேவானாவுக்கும் ஒரு வழக்கு. இருவரும் நம் கரையினர். விசாரணை மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. கித்துல் என்பவன் நைனாவுக்கு ஒரு காட்டி பொன் கடன்பட்டிருந்தான். அன்றிரவே அவன் நைனாவிடம் போய், எதிராளி பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்துவிட்டான் என்று பொய் சொன்னான். நைனா கடனைத் தள்ளுபடி செய்து, தாமும் பொன்னோடு பெண்டஹாரா வீட்டுக்கு ஓடினார். உடனே கித்துல் ராஜா முதலியாரிடம் போய் அதைச் சொன்னான். உயிருக்குப் பயந்த முதலியார், பெண்டஹாரா அரசைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்று லக்ஸமனா கோஜா ஹசனிடம் பொன்னும் பொய்யும் கொடுத்தார். அது சுல்தானின் காதுக்குப் போயிற்று. பெண்டஹாராவின் அழகிய மகள் துன் பாத்திமாவைத் தமக்குக் காட்டாமல் வேறொருவருக்கு மணமுடித்துவிட்டாரே என்ற குரோதம் சுல்தானுக்கு ஏற்கெனவே இருந்தது. விசாரணை இல்லை, 1510-ல் கொலைக் கட்டளை பிறந்தது.

பெண்டஹாராவின் மகன் துன் ஹசன் தெமெங்கோங் ஆயுதத்தோடு எழுந்தார். ஆட்களும் திரண்டிருந்தார்கள். தந்தை தடுத்துவிட்டார். மலாய்க்காரன் துரோகம் செய்ததில்லை என்று, அந்தப் பழைய உடன்படிக்கையில் தம் பாதியை நிறைவேற்றிக் கிரிஸுக்குக் கழுத்தைக் கொடுத்தார். அரசன் தன் பாதியை நிறைவேற்றவில்லை. குடும்பத்தினர் பலர் மாண்டனர். பின்பு குற்றமின்மை தெரிந்ததும் சுல்தான் வருந்தி, முதலியாரையும் கித்துலையும் கொல்வித்தார். துன் பாத்திமாவை ராணியாக்கினார். அவர் அரண்மனையில் ஒருநாளும் சிரித்ததில்லை என்கிறது ஏடு. மறு ஆண்டே மலாக்கா போயிற்று.

நினைத்துப் பாருங்கள். எழுதச் சொன்னது அந்தச் சுல்தானுக்குப் பின் வந்த அரச வம்சம். எழுதியவர் கொலையுண்டவரின் வழித்தோன்றல். அரண்மனையைக் குளிர்விக்க இந்த அத்தியாயத்தை விட்டிருக்கலாம். பழிதீர்க்க மிகைப்படுத்தியும் இருக்கலாம். கண்ணாடிமுன் நின்ற பெருமையும், கழுத்தைக் கொடுத்த விசுவாசமும் ஒரே மனிதரிடத்தில் இருந்தன என்றே எழுதிவைத்தார். கடலடி அரசகுமாரியை நான் நம்பவில்லை, இதை நம்புகிறேன்.

கட்டளை கிடைத்த மறு ஆண்டு, 1613-ல், ஆச்சே சுல்தான் இஸ்கந்தர் மூடா பத்து சாவாரைத் தாக்கி, ஜோகூர் சுல்தானையும் ராஜா அப்துல்லாவையும் பெண்டஹாராவையும் பிடித்துச் சென்றார். ராஜா அப்துல்லா, இஸ்கந்தர் மூடாவின் சகோதரியை மணந்து, பின்பு ஜோகூர் திரும்பி ஆட்சியேற்றார். துன் ஸ்ரீ லானாங் திரும்பவில்லை. கைதியாகப் போனவருக்கு ஆச்சேயில் மரியாதை கிடைத்தது. சமலங்கா என்ற பகுதியின் தலைவராக அவரை நியமித்தார்கள்.

நூலை ஜான் லேடன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவர் மறைந்து பத்தாண்டுக்குப் பின் 1821-ல் அது லண்டனில் அச்சாயிற்று. மலாய் மூலத்தைச் சிங்கப்பூரில் அச்சேற்றியவர் முன்ஷி அப்துல்லா. அவர் உடலிலும் நம் கரையின் இரத்தம் ஓடியது. 2001-ல் யுனெஸ்கோ, உலக நினைவேடுகளில் ஒன்றாக இதைப் பதிவு செய்தது. துன் ஸ்ரீ லானாங் அடங்கியிருப்பது மலாக்காவிலுமல்ல, ஜோகூரிலுமல்ல. சுமத்ராவின் வடகரையில், சமலங்காவில் அன்னாரின் கபுறு இருக்கிறது.