உழைத்தவருக்கே ஊதியம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி பருத்தியாகவே இருந்தது. தென் மாநிலங்களில் அதனை விளைவித்தவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின அடிமைகள். 1860ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ நான்கு மில்லியன் அடிமைகள் இருந்தனர். மாடுகளைப் போல விற்கப்பட்ட அவர்களின் உழைப்பு அவர்களுக்குச் சொந்தமன்று. அம்முறையை எதிர்த்துப் போராடியவர் பிரெடெரிக் டக்ளஸ்.

இவர் 1818ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தார். பிறந்த நாள் எதுவென்று அவருக்கே தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோதே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டார். சிறுவயதில் பால்டிமோர் நகரிலுள்ள ஒரு வீட்டிற்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவி அவருக்கு எழுத்துகளைக் கற்பித்தார். கல்வி பெற்றவன் அடிமையாக இருக்கமாட்டான் என்று அஞ்சிய அவருடைய கணவர் அதனைத் தடுத்தார். டக்ளஸ் சோர்ந்துவிடவில்லை. தெருவிலிருந்த ஏழை வெள்ளையினச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து, அவர்களிடம் வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

இளைஞரானதும் கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்தார். மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் நீர் புகாதவாறு அடைப்பது அவர் தொழில். ஆனால், சனிக்கிழமைதோறும் தம் கூலியை எசமானரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. தம் வியர்வையின் பயனைப் பிறர் பறிப்பது முறையா என்ற கேள்வி அவர் மனத்தைக் குடைந்தது. 1838ஆம் ஆண்டில் மாலுமியைப் போல உடையணிந்து, இரயிலேறித் தப்பினார்.

வடக்கிலுள்ள நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்தில் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். வெள்ளையினத் தொழிலாளர்கள் எதிர்த்ததால் கற்ற தொழிலைச் செய்ய இயலவில்லை. ஆயினும், ஈட்டிய பணம் அவருடையதாக இருந்தது. 1845ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். அதனால் பழைய எசமானரிடம் பிடிபடும் அபாயம் எழுந்தது. எனவே, அவர் கடல் கடந்து சென்றார். பிரிட்டனிலிருந்த நண்பர்கள் பணம் திரட்டி அவரது விடுதலையை வாங்கித் தந்தனர். நாடு திரும்பியவர் சொந்தமாக வார இதழ் தொடங்கி, அடிமைமுறையைச் சாடினார்.

1861ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. பின்னர், கறுப்பின இளைஞர்களை வடக்குப் படையில் சேருமாறு டக்ளஸ் அழைத்தார். அவருடைய மகன்களுள் இருவர் சேர்ந்தனர். ஆனால், வெள்ளையின வீரருக்கு மாதம் 13 டாலரும், கறுப்பின வீரருக்கு உடைக்கான பிடித்தம் போக 7 டாலரும் வழங்கப்பட்டன. 1863ஆம் ஆண்டில் அவர் அதிபர் ஆபிரகாம் லிங்கனை நேரில் சந்தித்து முறையிட்டார். மறு ஆண்டில் சம ஊதியத்திற்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1865ஆம் ஆண்டில் அரசியலமைப்புத் திருத்தத்தின்வழி அடிமைமுறை ஒழிந்தது.

டக்ளஸ் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்கும் பெண்களின் உரிமைக்கும் தொடர்ந்து குரல் கொடுத்தார். 1895ஆம் ஆண்டு, மகளிர் கூட்டமொன்றில் கலந்துகொண்டு வீடு திரும்பிய அன்றே அவர் உயிர் பிரிந்தது.