ஒலிக்கு உருவங் கண்ட இராமன்

சேர் சந்திரசேகர வேங்கடராமன் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன 1930 ஆம் ஆண்டின் நோபெற் பரிசும் ஒளிச்சிதறலுமேயாம். அப்பெருமகனார் அதற்கு முன்னும் பின்னும் இசைக்கருவிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, செவிக்கே உரியதெனக் கருதப்பட்ட நாதத்தைக் கண்முன் கோலமாக்கிக் காட்டினார் என்பதைப் பலர் அறியார். அதனையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888 நவம்பர் 7 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமுங் கற்பித்தவர். வயலின் வாசிப்பதிலும் விருப்புடையவர். பின்னாளில் மனைவியாக வாய்த்த உலோகசுந்தரி அம்மையாரோ வீணை பயின்றவர். இங்ஙனம் இசை அவர் இல்லத்திலேயே குடியிருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியிற் பட்டங்கள் பெற்று, 1907 இல் நிதித்துறை உத்தியோகத்தராய்க் கல்கத்தா சென்றார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னுமுள்ள நேரமெல்லாம் பௌபசார் வீதியிலுள்ள விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்திலே கழிந்தது. 1917 இல் கைநிறைந்த சம்பளத்தை உதறிவிட்டுக் கல்கத்தாச் சருவகலாசாலைப் பேராசிரியரானார். நம்மிற் பலர் அவ்விடத்திற் கணக்குப் பார்த்திருப்போம்!

அதிரும் வயலின் நரம்பின் அசைவை, நகரும் புகைப்படத் தகட்டில் வளைகோடாய்ப் பதித்து ஆராய்ந்தார். 1918 இல் அதுபற்றி விரிவான நூலொன்று வெளியிட்டார். கை ஒரே சீராக இயங்காதென்பதால், வயலினை வாசிக்கப் பொறியொன்றும் அமைத்தார். வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரை அமைப்பு நரம்பின் நாதத்தை எவ்வாறு வளமாக்குகின்றதென்பதையும் விளக்கினார்.

ஆயினும் என் நெஞ்சைக் கவர்ந்தது மிருதங்க ஆராய்ச்சியே. நெடுங்கேணிப் பகுதியில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் யான். மத்தளத்தின் நடுவிலே கருமருந்து எதற்கென்று அண்ணாவியாரைக் கேட்டபோது, அஃதில்லையேல் தோல் பேசாதென்றார். அவ்விடைக்குரிய காரணத்தை இராமனின் ஆய்விலேதான் கண்டேன். வெறுந் தோலை அறைந்தால் எழும் மேற்றொனிகள் அடிச்சுரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்கு என ஒன்றோடொன்று இணங்காது நிற்கும். ஆதலின் பறைவகைகள் தாளத்துக்கன்றிச் சுரத்துக்கு உதவாவென மேனாட்டார் கருதினர். வலந்தலையின் நடுவே கரணையிட்டுப் பாரமேற்றியதும், தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களாய்த் திரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்னும் முழுமடங்குகளில் ஒலிக்கின்றன. இதனை 1920 இல் குமார் என்பாருடன் சேர்ந்து அறிவித்தார். பங்களூர் சென்றபின் 1934 இல் விரிவாக எழுதினார்.

அதனைக் காட்டிய முறையோ மிக எளியது. தோலின்மேல் நுண்மணலைத் தூவி, வித்துவான் கைபோல் விரலால் தொட்டு அறைந்தார். அதிருமிடத்து மணல் துள்ளி அகலும். அசையாத கோடுகளில் ஒதுங்கும். இரண்டாஞ் சுரத்துக்கு வட்டத்தை நடுவே பிளக்கும் ஒரு கோடு. மேற்பட்ட சுரங்களுக்குப் பல கோடுகள் பலவாறாக அமைந்தன. மணலால் ஒலியுருவங் காட்டும் வித்தையை யேர்மனியரான கிளாட்னி 1787 இலேயே நூலாக்கி, 1809 இல் நெப்போலியன் முன்னும் நிகழ்த்தியிருந்தார். ஆனாற் கிளாட்னி எடுத்தது தகடு; இராமன் எடுத்ததோ, தோல்வினைஞர் தலைமுறை தலைமுறையாகச் செவியொன்றையே துணைக்கொண்டு செப்பஞ் செய்த கருவி. அக்கைவினைஞரை நம் சமூகம் எவ்விடத்தில் நிறுத்தியிருந்தது என்பதை நினைக்க வெட்கமாகின்றது. பௌதிகம் கணித்துக் கூறியதை அவர்கள் முன்னரே செய்து முடித்திருந்தனர்.

1935, 1936 ஆம் ஆண்டுகளில் நாகேந்திரநாதருடன் சேர்ந்து, செவிக்கெட்டா ஒலியலை பாயும் ஊடகத்தில் ஒளிக்கதிர் பல கிளையாய்ப் பிரிவதன் கணிதத்தை வகுத்தார். ஒலியால் ஒளியை ஏவலாமென்பது இதனாற் றெளிவாயிற்று. பிற்காலத்திலே மேடைகளில் இசைக்கேற்ப நிறமும் ஒளிர்வும் மாறி ஆடிய லேசர்க் கதிர்களை ஆண்ட பளிங்குக் கருவிகளுட் சில இத்தத்துவத்தின் வழி வந்தவையே.

1948 இல் பங்களூரில் தம் பெயரால் நிறுவகம் அமைத்து, அங்கேயே ஆராய்ச்சியில் அமர்ந்தார். 1954 இல் பாரத ரத்தினம் கிடைத்தது. 1970 நவம்பர் 21 ஆந் திகதி மறைந்த அவருடல் அந்நிறுவகத் தோட்டத்திலேயே தகனஞ் செய்யப்பட்டது.