தானே எழுதி, தானே வரைந்தவர்

பெரம்பலூர், அரியலூர் புத்தகத் திருவிழாக்களில் பிள்ளைகளுக்குப் படக்கதை வாங்கியிருப்பீர்கள். அப்படியானால் சுகுமார் ராயையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1887இல் கல்கத்தாவில் பிறந்தவர். லண்டனில் அச்சுக்கலை பயின்றார். 1915இல் தந்தை மறைந்ததும் அவர் தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் இதழை ஏற்று நடத்தினார். பாதி வாத்து, பாதி முள்ளம்பன்றி என்று வேடிக்கைப் பாட்டெழுதி, படமும் அவரே போட்டார்.

1921இல் மகன் பிறந்தான்; அதே ஆண்டு காலா அசார் காய்ச்சலும் பற்றியது. படுக்கையில் கிடந்தபடியே 'ஆபோல் தாபோல்' நூலுக்கான வேலைகளைப் பார்த்தார். 1923 செப்டம்பர் 10இல், 35 வயதில் காலமானார். ஒன்பதே நாளில் நூல் வெளிவந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

அந்த மகன்தான் சத்யஜித் ராய். நின்றுபோன சந்தேஷை 1961இல் மீண்டும் கொண்டுவந்தார். அதில் தாமும் எழுதினார், வரைந்தார்.

உங்கள் வீட்டுச் சுவரில் பிள்ளை கிறுக்கினால், திட்டுமுன் என்ன படம் என்று கேளுங்கள்.